அம்மோனைட் என்ன தப்பு செய்தது?

வணக்கம் சார்,

பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். டைனோசர்கள் அழிந்ததைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "அப்போ வீக்கானது எல்லாம் போயிடுச்சு, ஸ்ட்ராங்கானது நின்னுச்சு, அதனாலதான் நாம வந்தோம், நல்லதுதானே மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லக் காரணம் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை என்றே சொல்லுங்கள். காரணம் ஒரு கல்லில் இருக்கிறது.

சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். என் பெரியம்மா வீட்டில் ஒன்று இருந்தது, திருமஞ்சனம் முடிந்து ஈரத்தோடு இருக்கும்போது அந்தச் சக்கரத்தின் குறுக்கே வரிவரியாக ஓடும் மேடுகள் பளிச்சென்று தெரியும். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தச் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓட்டுத் தடம். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு.

இந்தக் குடும்பம் தோன்றி ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியில் உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்த ஐந்து பேரழிவுகளில் முதலாவது நடந்தபோது அது பிறக்கவே இல்லை. அடுத்த மூன்றிலும் தப்பியது. அதிலும் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கி, கடல் சூடாகி, நீரில் ஆக்சிஜன் குறைந்து, கடல்வாழ் இனங்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் போனதே, அப்போது அம்மோனைட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகள்தான் மிஞ்சின, அந்த மிச்சத்திலிருந்தே மறுபடி கடல் முழுக்கப் பெருகின. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் திரும்பவும் அதே கதை. இதைப் போய் வீக் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் யுகட்டான் பக்கம் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்தது. தூசும் புகைக்கரியும் வானத்தை மூடின, வெயில் இல்லாமல் கடலின் மேல்மட்டத்து நுண்பாசிகள் செத்தன, மேல்நீரில் அமிலத்தன்மையும் ஏறியது. அம்மோனைட் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அந்த மேல்நீரில் மிதந்துதான் வளரும். அதன் ஒன்றுவிட்ட சொந்தமான நாட்டிலஸ் பெரிய முட்டைகளாகக் கொஞ்சமே இடும், பொரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், வெளியே வரும்போதே குஞ்சு ஓர் அங்குல ஓட்டோடு இருக்கும். ஆழத்தில் திரியும், செத்ததையும் தின்னும். நாட்டிலஸ் இன்றும் இருக்கிறது. அம்மோனைட் இல்லை. இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பொடிப்பொடியாக ஏராளமாகக் குஞ்சு விட்டதுதான் கோடிக்கணக்கான ஆண்டுகள் அம்மோனைட்டைத் தூக்கி நிறுத்திய குணம், அதே குணம்தான் அன்றைக்குக் காலை வாரிவிட்டது. பாடத்திட்டமே மாறிப்போன பரீட்சை அது, போன வருஷம் முதல் மார்க் வாங்கியது உதவாது. நம் பாலூட்டி மூதாதைகளும் புத்தியால் பிழைக்கவில்லை. சின்ன உடம்பு, வளை, பூச்சியோ மட்கியதோ கிடைத்ததைத் தின்னும் வயிறு, அவ்வளவுதான். அவற்றிலும் நிறைய இனங்கள் அழிந்தன.

சரி, காலியான இடத்தில் புதியவை வந்தன என்பது உண்மை. ஆனால் எவ்வளவு காலம் கழித்து? சைபீரிய அழிவுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்கும் நிலக்கரிப் படிவே இல்லை, நிலக்கரியாக மாறும் அளவுக்குச் சதுப்புக்காடு வளரவில்லை. மனித இனத்தின் வயதே மூன்று லட்சம் ஆண்டுதான். ஆகவே இன்று நம் கையால் ஓர் இனம் அழியும்போது, இதுவும் இயற்கைதானே, வேறொன்று வரும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வேறொன்றைப் பார்க்க உங்கள் மாணவியின் பேத்தியின் பேத்திகூட இருக்கமாட்டாள்.

ஒன்று செய்யுங்கள். காரை கிராமம் உங்களுக்குப் பக்கம்தான், பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போங்கள். மழை அறுத்துப்போட்ட அந்தச் செம்மண் ஓடைகள் பழைய கடலடி, அம்மோனைட் இருந்த காலத்துக் கடல். எதையும் எடுத்துவர வேண்டாம், படம் எடுத்தால் போதும். பிறகு அரியலூர்ப் பக்கம் நின்னியூருக்கும் போங்கள். அங்கே இருப்பது விண்கல் விழுந்ததற்குப் பிந்தைய கடலின் சுண்ணாம்புக்கல். அதில் நாட்டிலஸ் குடும்பத்து ஓடு கிடைத்திருக்கிறது. அம்மோனைட் எங்கே என்று அந்த மாணவியையே தேடச் சொல்லுங்கள்.