‘கடப்பாரை’ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வயது 27. டிவியில் ரெஸ்லிங் பார்த்தே வளர்ந்தவன். தாத்தா கிணறு வெட்டுகிறவர், அதனால் 2019-லிருந்து ‘கடப்பாரை’ என்ற பெயரில் கல்லூரி விழாக்களில் ஷோ செய்து இன்ஸ்டாகிராமில் போட்டு வந்தேன். 2022 ஜூனில் வடக்கே ஒரு ரெஸ்லிங் கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள், கூடவே ஒரு பிளாங்க் செக்கும். ஒப்பந்தம் முடிந்து 2024 ஜூனில் ஊர் திரும்பிவிட்டேன். 2023 நவம்பரிலிருந்து ஆடிய நான்கு ஷோவுக்குத் தலா 7,000 வீதம் 28,000 ரூபாய் வரவில்லை. ஒரு ஷோவில் ரிங் பலகை உடைந்து தோள் இறங்கிவிட்டது, வைத்தியம் என் செலவு. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்று வருடம் இந்தியாவில் வேறெங்கும் ரிங் ஏறக்கூடாதாம், ஏறினால் 5 லட்சமாம். ‘கடப்பாரை’ என்ற பெயரும் கம்பெனியுடையதாம். என்னிடம் இருக்கும் சாம்பியன் பெல்ட்டையும் கேட்கிறார்கள். பாக்கியைத் தரும்வரை பெல்ட்டைத் தர மாட்டேன் என்றிருக்கிறேன். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு ஷோ. போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பத்திரத்தையும் நோட்டீஸையும் வரி விடாமல் படித்தேன். நீங்கள் பயப்படுவது மூன்று வருடத் தடைக்கும் 5 லட்சத்துக்கும். என் கவலை வேறு. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே ஒரு பிளாங்க் செக், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் தடையை முடித்துவிடுவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு, சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது என்கிறது. இங்கிலாந்தில் ‘தடை நியாயமானதா’ என்று பார்ப்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு தொடரும் தடை என்றால் நம் நீதிமன்றங்கள் அந்தப் பேச்சுக்கே போவதில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவருடைய மேனேஜ்மென்ட் நிறுவனம், மூன்று வருட ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாராவது வாய்ப்பு கொடுத்தால் முதலில் எங்களிடம்தான் வர வேண்டும் என்றது. அதுகூடச் செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பத்திரத்தில் இருப்பதோ நேரடித் தடை. தடையே நிற்காதபோது, அதை மீறியதற்கான 5 லட்சம் மட்டும் எப்படி நிற்கும்?

இதைப் படித்துவிட்டு, ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நடுவில் போனால் கதை வேறு. மூன்று வருடம் முடிவதற்குள் வேலையை விட்ட ஒரு வங்கி அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டிய பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நீங்கள் கடைசி நாள் வரை இருந்துவிட்டு வந்தவர். அதைக் காட்டும் ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

இனி செக். கையெழுத்து மட்டும் போட்டு, தேதியும் தொகையும் எழுதாமல் கொடுத்த செக் இன்னும் அவர்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. நாளைக்கே 5 லட்சம் என்று எழுதி, புதுத் தேதி போட்டு வங்கியில் கொடுத்தால் அது திரும்பிவரும். வந்தவுடன் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு, அதாவது செக் பவுன்ஸ் வழக்கு. வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள், பணம் கட்ட உங்களுக்கு 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் கிரிமினல் வழக்கு. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் தொகையே எழுதவில்லையே’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது உங்கள் தலையில். பிளாங்க் செக்குக்கும் இதே கதிதான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்தாலும் வழக்கு வரும். கணக்கையே மூடினாலும் வரும். அதைவிடக் கொடுமை, 2015 திருத்தத்துக்குப் பிறகு இந்த வழக்கு அவர்களுடைய வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு நாள் ரயில். வழக்கில் தோற்பதற்கு முன்னால் டிக்கெட் காசிலேயே ஆள் தோற்றுப்போவான்.

ஆகவே அவர்கள் முந்துவதற்குள் நீங்கள் முந்துங்கள். வந்த நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும்போது செக் எண்ணைக் குறிப்பிட்டு, அது 2022 ஜூனில் ஒப்பந்தத்தோடு செக்யூரிட்டியாக வாங்கப்பட்டது, தொகையும் தேதியும் நிரப்பப்படவில்லை, கம்பெனிக்கு நான் தர வேண்டிய கடன் எதுவும் இல்லை, உடனே திருப்பித் தரவும் என்று வக்கீல் மூலம் எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். நாளை வழக்கு வந்தால், செக் பவுன்ஸ் ஆவதற்கு முன்பே எழுதிய அந்தக் கடிதம்தான் உங்கள் முதல் சாட்சி. பவுன்ஸ் ஆன பிறகு சொல்லும் கதையை நம்புவதற்கு மாஜிஸ்திரேட்டுகளுக்கு நேரம் இருப்பதில்லை.

பெல்ட் விஷயத்தில் நீங்கள் செய்வது தப்பு. 1991-ல் ரிக் ஃபிளேர் சாம்பியன் பெல்ட்டோடு போட்டிக் கம்பெனிக்கே போய்விட்டார் என்பது ரெஸ்லிங் ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. ஆனால் அவர் அந்த பெல்ட்டுக்காக 25,000 டாலர் டெபாசிட் கட்டியிருந்தார், அதைப் பழைய கம்பெனி திருப்பித் தரவில்லை. நீங்கள் ஒரு ரூபாய்கூட டெபாசிட் கட்டவில்லை. சம்பளப் பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. நம்பிக்கை மோசடி என்று ஒரு போலீஸ் புகாருக்கு வழி நீங்களே திறந்து வைத்திருக்கிறீர்கள். பெல்ட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பார்சல் கட்டுவதை வீடியோ பிடித்து, நாளைக்கே அனுப்பிவிடுங்கள். மனசு வராது, தெரியும். அனுப்புங்கள்.

பெயருக்கு வருவோம். சம்பளத்தைவிட இதுதான் பெரிய சொத்து. ஐம்பது, அறுபதுகளில் தாரா சிங்கோடு மோதிய கிங்காங்கை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். எமில் சாயா என்ற அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரெஸ்லருக்கு ரிங் பெயர் போனால் பாதி உயிர் போன மாதிரி. அமெரிக்காவில் கோடி ரோட்ஸ் என்ற ரெஸ்லர் 2016-ல் பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது, அப்பா பிரபலமாக்கிய ‘ரோட்ஸ்’ என்ற பெயரைப் போட முடியாமல் வெறும் ‘கோடி’யாக ரிங் ஏறினார். பெயர் கைக்கு வர 2020 ஆனது. அதே கம்பெனியில் டீன் ஆம்ப்ரோஸாக இருந்தவர் 2019-ல் வெளியே வந்ததும், முன்பு சின்னச் சின்ன ஷோக்களில் வைத்திருந்த ஜான் மாக்ஸ்லி என்ற பெயருக்கே திரும்பினார். கம்பெனி சூட்டிய பெயர் கம்பெனியோடு போகும், நாம் கொண்டுபோன பெயர் நம்மோடு வரும்.

உங்கள் பத்திரத்தின் வாசகமும் நல்லவேளையாக ‘நிறுவனம் சூட்டும் பெயர்கள், உடைகள், இசை’ என்றுதான் இருக்கிறது. ‘கடப்பாரை’யை அவர்கள் சூட்டவில்லை. அதே பெயருக்கு டிரேட்மார்க் பதிவு செய்திருப்பதாக நோட்டீஸில் மிரட்டுகிறார்களே என்றால், பதிவு மட்டுமே எல்லாம் அல்ல. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை அதிகம் என்பதை அங்கே தெளிவாகச் சொன்னார்கள். அல்வாவுக்கு உள்ள சட்டம்தான் கடப்பாரைக்கும்.

டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் 41-வது வகுப்பில், அதாவது பொழுதுபோக்கு, விளையாட்டு சேவைகளில், இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். விண்ணப்பம்தான் போட்டிருக்கிறார்கள், இன்னும் பதிவாகவில்லை என்றால், டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் கட்டணம் 2,700 ரூபாய். கூடவே 2019 முதல் பயன்படுத்துகிறேன் என்று உங்கள் பெயரிலும் விண்ணப்பம் போடுங்கள், தனிநபருக்கு 4,500. 2019 இன்ஸ்டாகிராம் பதிவுகள், கல்லூரி விழா நோட்டீஸ், மேடையில் பேனரோடு நிற்கும் போட்டோ, எல்லாம் ஆதாரம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மேட்ச் வீடியோக்களின் உரிமையைக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள், அவற்றை எடுத்துவிடச் சொல்ல முடியாது. ஆனால் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் நிகழ்த்துநர் என்றொரு பட்டியல் உண்டு. நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அதில் இருக்கிறார்கள், ‘நிகழ்ச்சி நடத்தும் வேறு எவரும்’ என்றும் இருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு அவர்களுக்கு ராயல்டி உரிமை உண்டு. அதைக் கேட்க வேண்டுமென்றால், மேட்ச் முடிவு முன்பே பேசிவைத்ததுதான், நான் நிகழ்த்துநர்தான் என்று கோர்ட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். ரெஸ்லர்களுக்கு இதைவிடக் கசப்பான வாக்குமூலம் கிடையாது! பதில் நோட்டீஸில் ஒரு வரி எழுதி வைக்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

28,000 ரூபாய் பாக்கிக்குக் காலவரம்பு மூன்று வருடம். 2023 நவம்பர் ஷோவுக்கு 2026 நவம்பரோடு முடிகிறது. ‘அடுத்த மாதம் போட்டுடறேன்’ என்று புரொமோட்டர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, போனையும் மாற்றாமல் வைத்திருங்கள், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டிவரும். ஆனால் எல்லாத் தகராறும் அவர்கள் ஊர் கோர்ட்டில்தான் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது, அது பெரும்பாலும் செல்லும். இந்தத் தொகைக்காக அங்கே போய் வழக்காடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செக்கும் பெயரும் வந்தால் இதைக் கைவிடுகிறேன் என்று பேரம் பேச நல்ல துருப்புச்சீட்டு. இனி வரும் ஷோக்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள், சேவைத் தொழில் என்று. அதற்குப் பிறகு ஆடும் ஷோவுக்கு 45 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் கோவையிலேயே சிறுதொழில் கவுன்சிலில் மனு போடலாம், வட்டியும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. பழைய பாக்கிக்கு இது உதவாது.

தோள் விஷயம் சிக்கல்தான். ‘என் சொந்தப் பொறுப்பில் ஆடுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பம்ப் எடுக்கும்போது, அதாவது ரிங்கில் விழும்போது, வரும் காயத்துக்கு அது பொருந்தும், உளுத்த பலகைக்குப் பொருந்தாது என்று வாதாடலாம். பலகை உடைவது தெரியும் வீடியோவும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருந்தால் அந்தச் செலவையும் பதில் நோட்டீஸில் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பெங்களூர் ஷோவுக்குப் போங்கள். ‘கடப்பாரை’ என்ற பெயரிலேயே போங்கள். பழைய கம்பெனி தைத்துக் கொடுத்த கோட்டும், நுழையும்போது போட்ட பாட்டும் வேண்டாம். போவதற்கு முன் புதிய புரொமோட்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் உங்களுடையது, பாதிப் பணம் முன்பணம், மீதி அன்றைக்கே. மதியமே போய், கேன்வாஸைத் தூக்கச் சொல்லி, கீழே இருக்கும் பலகையை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.