எரித்ரிட்டால் ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கேரமல் புட்டிங் செய்ய, கடையில் ஸ்டீவியா என்று விற்கும் பொடியை வாணலியில் காய்ச்சினேன். தண்ணீர்போல உருகியது, நிறம் மட்டும் வரவேயில்லை. ஆறியதும் வெள்ளையாக இறுகிவிட்டது. பொடி போலியா?

பதில்: போலியாக இருக்காது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பு என்பதால் வேறொரு பொடியில் துளி கலந்துதான் விற்கிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பொடி எரித்ரிட்டால்தான்.

சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உடைந்து, நீரை இழந்து, புதிய பொருட்களாகச் சேர்கிறது. கேரமலின் நிறம், மணம், இலேசான கசப்பு எல்லாம் அப்படி வருவதுதான். எரித்ரிட்டால், சைலிட்டால், மால்டிட்டால் ஆகியவை சர்க்கரை ஆல்கஹால்கள் என்ற வகை இனிப்புகள், பெயரில்தான் ஆல்கஹால், மது இல்லை. எரித்ரிட்டால் 120 டிகிரியிலேயே உருகிவிடும், ஆனால் அடுப்புச் சூட்டில் உடையாது. தீயைக் கூட்டிப் பயனில்லை.

உங்களுக்குத் தேவை அல்லுலோஸ் என்ற இனிப்பு. இது பழங்களில் உள்ள சர்க்கரையான ஃப்ரக்டோஸின் நெருங்கிய உறவு. உண்மையாகவே சிவக்கும், அதுவும் சர்க்கரைக்கு முந்தியே. இரத்தச் சர்க்கரையையும் ஏற்றுவதில்லை என்றே சொல்லலாம். இனிப்பு மட்டும் சர்க்கரையில் 70 சதவீதம்தான்.

100 கிராம் அல்லுலோஸுடன் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். நுரை கட்டி, ஓரத்தில் மஞ்சள் தட்டும்போது பாத்திரத்தைச் சுழற்றிவிடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தேன் நிறம் வந்ததும் இறக்கி உடனே அச்சில் ஊற்றுங்கள், பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் கருக்கும். கண்ணாடிபோல உடைகிற பதம் இதில் வராது, பிசுபிசுப்பாகவே நிற்கும். புட்டிங்குக்கு அது நல்லதுதான், கவிழ்த்தால் தானே வழியும். கடலை மிட்டாய் மாதிரி மொறுமொறுப்பு வேண்டுமென்றால் இதை நம்ப வேண்டாம். முதல் நாள் அப்பாவுக்குச் சின்னத் துண்டு போதும். அளவு கூடினால் வயிறு கடமுடா என்னும்.

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பை இப்படிக் காய்ச்ச வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் போனால் குளோரின் சேர்ந்த வேண்டாத பொருட்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி அழகாகச் சிவக்கும், சரி. ஆனால் இரண்டும் சர்க்கரைதான்.

அல்லுலோஸ் கிடைக்கவில்லையா? 50 கிராம் வெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைப் போட்டு, நெய் காய்ச்சும்போது அடியில் சிவக்கும் கசடின் நிறம் வரும்வரை கிளறுங்கள். மிக்ஸியில் நைசாக அரைத்த எரித்ரிட்டாலையும் 100 மில்லி கிரீமையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். மணம் கேரமலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சூடாக இருக்கும்போதே புட்டிங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் நறநறவென்று ஆகிவிடும்.