அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது?

கேள்வி: முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். ஒரே மகன். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி விட்டு வந்தால் கம்ப்யூட்டர்தான். அவனுடைய தாய்மாமன் வைத்திருந்த பழைய சி.டி.யைப் போட்டு ‘மோனோபொலி டைக்கூன்’ என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறான். அதில் ஊர் கட்டுகிறானாம், கடை திறக்கிறானாம், ஏலம் எடுக்கிறானாம். ராத்திரி ஒரு மணி வரை ஓடுகிறது. நிஜமாகவே ஒரு கடை இருக்கிறது, அதை எட்டிப் பார்ப்பதில்லை. தீபாவளி சமயத்தில் கல்லாவில் உட்காரச் சொன்னேன். வருகிறவர்களிடம் ஏதோ கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கூட்ட நேரத்தில் என்ன கிறுக்கல் என்று நோட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ‘போய் உன் கம்ப்யூட்டர்லயே கடை நடத்து’ என்று அனுப்பிவிட்டேன். அதிலிருந்து கடைப் பக்கமே வருவதில்லை. எதிரில் சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து எனக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது. அடுத்தவனை ஒழித்துக்கட்டிக் காசு சேர்க்கக் கற்றுத்தரும் அமெரிக்க விளையாட்டு இது என்கிறார்கள். கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கம்ப்யூட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது?

உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஏனென்றால் உங்களுக்கே தெரியாது. பிடுங்கினீர்கள், போட்டீர்கள், படிக்கவில்லை. மகன் எந்த விளையாட்டு விளையாடுகிறான், எத்தனை மணி வரை விளையாடுகிறான், சி.டி. யாரிடமிருந்து வந்தது என்பது வரைக்கும் எழுதிய உங்களுக்கு, உங்கள் கல்லாவில் உட்கார்ந்து உங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி அவன் எழுதியது என்னவென்று பார்க்கத் தோன்றவில்லை. போகிற போக்கில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

‘பையன் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறான்’ என்று எனக்குக் கடிதம் வராத மாதம் கிடையாது. பெரும்பாலும் அந்தப் பையன்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது பணம் கட்டி ரம்மி ஆடிக் கடனில் நிற்பார்கள். உங்கள் மகன் செய்வது வேறு. அது என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை என்பதால் நான் சொல்கிறேன்.

மோனோபொலி டைக்கூன் 2001-இல் வந்த விளையாட்டு. டீப் ரெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கியது, இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்டது. நம் வீடுகளில் கோடை விடுமுறையில் ‘டிரேட்’ என்றும் ‘பிசினஸ்’ என்றும் அட்டையை விரித்துப் பகடை உருட்டுவார்களே, அதற்கு மூலமான மோனோபொலியை வைத்துச் செய்தது. ஆனால் இதில் பகடை கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவாக வேலையில்லை. அட்டையில் கட்டங்களாக இருந்த தெருக்கள் இதில் ஒரு நகரத்தின் பகுதிகளாக நிற்கும். மனிதர்கள் நடமாடுவார்கள், பொழுது விடியும், இருட்டும். இடத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் போட்டிக்காரன் கடை போட்டிருந்தாலும் வாடகை இடத்துக்காரனுக்கு வரும். குடியிருப்பு கட்டினால் ஜனம் பெருகும், ஜனம் பெருகினால் வியாபாரம் பெருகும்.

இதில் ஜெயிக்கிற வழி ஒன்றுதான். கடை போடுவதற்கு முன்னால் அந்தப் பகுதி மக்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். யாருக்கும் தேவையில்லாத கடையைத் திறந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். தேவையான கடையைத் திறந்தும் பக்கத்துக் கடையைவிட விலை கூட வைத்தால், வாசல் வரை வந்தவர்கள் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு கடை போடுகிறவன் நிற்பான், கேட்காதவன் காசை விடுவான்.

இப்போது உங்கள் தீபாவளிக் கூட்டத்துக்கு வாருங்கள். பலகாரச் சாமான் வாங்க ஒரு அம்மா வருகிறார். ஏதோ ஒன்றைக் கேட்கிறார். ‘இல்லீங்க’ என்று கடைப் பையன் சொல்கிறான். அவர் படியிறங்கி எதிரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். கேட்டது ஒரு பொருள், ஆனால் அங்கே போனதும் மொத்தச் சாமானையும் அங்கேயே வாங்கிவிடுகிறார். இது உங்கள் கணக்கில் எங்கே வரும்? முப்பது வருடமாக நீங்கள் எழுதிய பேரேட்டில் விற்றதெல்லாம் இருக்கும், கடன் கொடுத்ததெல்லாம் இருக்கும். கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போனது ஒரு வரிகூட இருக்காது. ‘வருகிறவர்களிடம் ஏதோ கேட்டுக் கேட்டு எழுதினான்’ என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? அவன் வேறு எதைக் கேட்டிருப்பான்? வியாபாரம் பாதியாகிவிட்டது என்று என்னிடம் முறையிடுகிறீர்கள். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதைத்தான் அவன் எழுதிக்கொண்டிருந்தான் என்று நான் நம்புகிறேன். அதைத்தான் பிடுங்கி எறிந்தீர்கள்.

எறிந்ததோடு விட்டீர்களா? கூட்ட நேரம் என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இருந்திருப்பார்கள், பழகிய வாடிக்கையாளர்களும் நின்றிருப்பார்கள். அவர்கள் முன்னால் ‘போய் உன் கம்ப்யூட்டர்லயே கடை நடத்து’ என்றீர்கள். அவன் என்ன செய்தான்? நீங்கள் சொன்னதைத்தான் செய்தான். இத்தனை மாதமாக அங்கேதான் கடை நடத்திக்கொண்டிருக்கிறான். கடைக்கு வருவதில்லை என்று குறைப்பட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் பழைய ஆள். அப்பன் தொழிலைப் பிள்ளை எடுத்துச் செய்வது கௌரவம் என்று நினைக்கிறவள். படித்துவிட்டால் தராசைத் தொடக்கூடாது என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்தே வராது. ஆனால் அப்படிக் கைமாற வேண்டுமென்றால் கொடுக்கிறவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் மூட்டை தூக்குகிறவரும் பொட்டலம் கட்டுகிறவரும் நாளைக்கு உங்கள் மகனை முதலாளி என்று மதிக்க வேண்டும். அவர்கள் கண் முன்னால் அவனைக் கேலிப்பொருளாக்கிவிட்டு, பிறகு அதே கல்லாவில் வந்து உட்கார் என்றால் எந்த முகத்தோடு உட்காருவான்? பெற்ற பிள்ளையைத் திட்டுவதற்கு வீட்டில் நான்கு சுவர் இருக்கிறது. நாலு பேர் முன்னால் திட்டுகிற தகப்பன் பிள்ளையைத் திருத்துவதில்லை, தன் ஆத்திரத்தைத்தான் தீர்த்துக்கொள்கிறான். சூப்பர் மார்க்கெட்டின் மேல் காட்ட முடியாத கோபத்தை அவன் மேல் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அடுத்தவனை ஒழிக்கச் சொல்லித்தரும் அமெரிக்க விளையாட்டு என்று யாரோ சொன்னார்கள் என்கிறீர்கள். அமெரிக்காவில் பிறந்த விளையாட்டுதான். ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்று சொன்னவருக்குத் தெரிந்திருக்காது. எலிசபெத் மேகி என்ற பெண் 1904-இல் காப்புரிமை வாங்கிய ‘நிலச்சுவான்தார் விளையாட்டு’தான் மோனோபொலியின் தாய். நிலம் ஒருவர் கையில் குவிந்தால் வாடகை கொடுத்துக் கொடுத்தே மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்பதை மக்களுக்குக் காட்டத்தான் அதைச் செய்தார். பின்னால் அதற்கு இரண்டு விதமாக விதி எழுதினார். ஒன்றில் ஒருவர் மட்டும் வாழ்வார், இன்னொன்றில் யாருக்குச் செல்வம் சேர்ந்தாலும் எல்லோருக்கும் பங்கு வரும். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், சார்லஸ் டாரோ என்பவர் கண்டுபிடித்ததாகச் சொல்லி மோனோபொலியை விற்றது. மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. உலகமெல்லாம் பரவியது ஒழித்துக்கட்டும் விதி மட்டும்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் மகன் எதைக் கற்றுக்கொண்டான் என்பதைக் கடையில் அவன் செய்ததை வைத்துத்தான் சொல்வேன். யாரையும் ஏமாற்றி விலை கூட்டி விற்றானா? வந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அவ்வளவுதான்.

இதற்காக ராத்திரி ஒரு மணி வரை விளையாடுவது சரி என்று சொல்ல மாட்டேன். தப்புதான். படிக்கிற பையன் பத்தரை, பதினொன்றுக்குப் படுத்தாக வேண்டும். கண்டித்துச் சொல்லுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மகனும் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன், அவனுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தம்பி, உன் அப்பா பேசியது தப்பு. ஆனால் நீ சாப்பிடுகிற சோறும் கட்டுகிற கல்லூரிக் கட்டணமும் அந்தக் கடையிலிருந்து வருகிறது. ஒரு வார்த்தை சுட்டுவிட்டது என்பதற்காக மாதக்கணக்கில் அவரைத் தனியாக நிற்க விட்டிருக்கிறாய். அது உனக்கு அழகில்லை. உன் நகரத்தில் எவனும் ‘சம்பளம் வந்ததும் தர்றேன்’ என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் போவதில்லை. யாரிடம் கேட்டு வாங்கலாம், யார் வீட்டில் இப்போது கஷ்டம், யாரிடம் இந்த மாதம் கடனைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்பதெல்லாம் உன் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே பழைய சரக்கா புது சரக்கா என்று சொல்லிவிடுவார். அந்த சி.டி.யில் இதெல்லாம் இல்லை. அவர் பக்கத்தில் நின்றால்தான் வரும். அவருக்கும் வயதாகிறது, அதனால் காலத்தைக் கடத்தாதே.

சரி, ஐயா, உங்களிடம் வருகிறேன். கம்ப்யூட்டரை விற்கக்கூடாது. விற்றால் பையன் கடைக்கு வர மாட்டான், வேலைக்கென்று வெளியூர் கிளம்பிவிடுவான். மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடமும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேளுங்கள். அன்று வீட்டுக்கு வந்த மகன் முகத்தை அவர்தான் பார்த்திருப்பார்.

ஆட்கள் முன்னால் அனுப்பினீர்கள் அல்லவா, ஆட்கள் முன்னால்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் சாப்பிடும்போது ‘நாளைக்குக் கடைக்கு வா’ என்று முணுமுணுத்தால் போதாது. ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிப் போய், எல்லோரும் கேட்க, ‘அன்னிக்கு நான் பேசினது தப்பு, நீ எழுதினது என்னன்னு சொல்லு’ என்று கேளுங்கள். தகப்பன் மகனிடம் தப்பு என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், உங்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

பிறகு ஒரு அலமாரியை அவன் பொறுப்பில் விடுங்கள். ஒரே ஒரு அலமாரி போதும். என்ன சரக்கு வைப்பது, என்ன விலை போடுவது என்பதை அவன் முடிவு செய்யட்டும். கொள்முதல் பணம் உங்களுடையது. பொங்கல் வரை குறுக்கே பேசாதீர்கள். நஷ்டம் வந்தால் வரட்டும், விற்காத சரக்கை அவனே உட்கார்ந்து எண்ணட்டும். கடைப் பையன்களிடமும் சொல்லிவையுங்கள்: யாராவது ஒரு பொருள் கேட்டு ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்தால், அதை உடனே அவனிடம் சொல்ல வேண்டும்.

நோட்டு கிடைக்குமா என்று முதலில் தேடிப் பாருங்கள். பழைய பேப்பரோடு போயிருந்தால் புதிதாக ஒன்று, நீங்களே போய் வாங்கிக் கொடுங்கள்.