க்ளென்பக்னு ஒரு சின்ன ஸ்காட்லாந்து கிராமத்துல இருந்து 50 ஃபுட்பால் ப்ளேயர்ஸ் வந்தாங்களாமே, அது அவங்க ரத்தத்துலயே இருக்கா?

இல்ல. ரத்தத்துலயும் இல்ல, மண்ணுலயும் இல்ல. இந்த ரத்தம், ஜீன் பேச்சைக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வருது, அதான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்காம உக்காந்து டைப் பண்றேன். கேள்வி கேட்டவரு அனேகமா ஒரு அப்பாவோ அம்மாவோதான் இருக்கணும், வீட்ல ஒரு பிள்ளை எந்நேரமும் பந்து பின்னாடியே ஓடிக்கிட்டிருக்கும், சொந்தத்துல யாரோ "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது"ன்னு சொல்லியிருப்பாங்க. இல்லேன்னா மன்னிச்சுக்கோங்க, ஆனா எனக்கு நடந்தது அதுதான்.

நான் ஏர்ஷைர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல கேரரா வேலை பார்க்கிறேன். ஊர் பேர், இல்லத்து பேர் எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அங்க ஒரு தாத்தா இருந்தாரு, கேம்ஸ் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. கேம்ஸ் எங்க இருக்குன்னா மியூர்கர்க்ல, க்ளென்பக்ல இருந்து கூப்பிடு தூரம்னே சொல்லலாம். 1957 நவம்பர்ல அங்க வெடி விபத்து நடந்து 17 பேர் செத்துப்போனாங்க, 1968ல அதையும் மூடிட்டாங்க. முதல் நாள் அவருக்கு கை கழுவி விடும்போது புறங்கையில நீலமா கோடு கோடா இருந்துச்சு, பேனா மைன்னு நினைச்சு சோப்பு போட்டு தேய்ச்சேன், போகல. அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அது போகாதும்மா, சுரங்கத்துல கல்லு கீறி, காயத்துக்குள்ள கரித்தூள் போய் அப்படியே தோல் மூடிக்கிச்சுன்னு. நெத்தியிலயும் ஒண்ணு இருந்துச்சு. க்ளென்பக் பத்தி எனக்கு முதல்ல சொன்னது அவருதான், அவங்க அப்பாவும் பெரியப்பாவும் செர்ரிபிக்கர்ஸ் மேட்ச் பார்க்க நடந்தே போவாங்களாம்.

க்ளென்பக் செர்ரிபிக்கர்ஸ், அதுதான் அந்த ஊர் டீம். ஊர் நல்லா இருந்த காலத்துலயே ஜனத்தொகை ஆயிரத்து சொச்சம்தான், பின்னாடி லிவர்பூல் மேனேஜரா பேர் வாங்கின பில் ஷாங்க்லி இந்த ஊர்ப் பையனா இருந்தப்ப அதுவும் குறைஞ்சு போச்சு. நிலக்கரி சுரங்கம், தொழிலாளிங்களுக்கு வரிசையா ஒட்டி ஒட்டி வீடு, பர்ன்சைட் பார்க்னு ஒரு கிரவுண்டு, அவ்வளவுதான் ஊரு. அங்க இருந்து சுமார் 50 பேர் ப்ரொஃபஷனல் ஆனாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க. இப்பவே சொல்லிடறேன், கமெண்ட்ல வந்து "50ன்றது மிகை, சும்மா ஒரு சீசன் ஆடினவனையும் சேர்த்துட்டாங்க"ன்னு சண்டைக்கு வராதீங்க. பாதியா குறைச்சுக்கிட்டாலும் அந்த சைஸ் ஊருக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கைதான்.

பேர் சொல்லியே பேசலாம். 1901 எஃப்.ஏ. கப், இங்கிலாந்தோட பெரிய நாக்-அவுட் போட்டி. லண்டன் டீம் டாட்டன்ஹாம் அப்ப இங்கிலாந்தோட முக்கிய லீகான ஃபுட்பால் லீக்லயே கிடையாது, சதர்ன் லீக்ல ஆடிக்கிட்டிருந்த டீம். லீக் ஆரம்பிச்ச பிறகு லீக்குக்கு வெளிய இருந்து வந்து அந்த கப்பை ஜெயிச்ச ஒரே டீம் இன்னைக்கு வரைக்கும் அதுதான். அந்த டீம்ல சென்டர் ஃபார்வர்டு சாண்டி பிரவுன், லெஃப்ட் பேக் சாண்டி டெய்ட், ரெண்டு பேரும் க்ளென்பக் ஆளுங்க. பிரவுன் அந்த வருஷம் ஒவ்வொரு ரவுண்டுலயும் கோல் போட்டாரு, மொத்தம் 15. கிரிஸ்டல் பேலஸ்ல ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கும் மேல கூட்டம் கூடின ஃபைனல்ல ஷெஃபீல்டு யுனைடெட் கூட 2-2, ரெண்டு கோலும் இவரோடது, அப்புறம் போல்டன்ல திரும்ப ஆடி 3-1ன்னு ஜெயிச்சப்ப அதுலயும் ஒண்ணு இவரு போட்டதுதான். அந்த டீமோட ப்ளேயர் மேனேஜர் ஜான் கேமரன் எந்த ஊருன்னு பாருங்க. ஏர்! இதே ஜில்லாக்காரரு. ஏற்கனவே மேல போனவன் யாரு, அவன் யாரை உள்ள கூட்டிட்டு வந்தான்னு பார்த்தா பாதி ரகசியம் அங்கயே உடைஞ்சிடும், ரத்தத்தை டெஸ்ட் பண்ணவே வேண்டாம்.

ஷாங்க்லி குடும்பத்தைப் பத்தி சொன்னா உடனே "பாருங்க, குடும்பத்துலயே இருக்கு"ம்பாங்க. பில் ஷாங்க்லி பிறந்தது 1913, செப்டம்பர் 2. வீட்ல பத்து பிள்ளைங்க, அஞ்சு ஆண், அஞ்சு பெண், பசங்கள்ல இவருதான் கடைசி. அஞ்சு அண்ணன் தம்பியும் ப்ரொஃபஷனலா ஆடினாங்க. இது வரைக்கும் கேட்டா ஜீன் மாதிரிதான் தெரியும், நானும் ஒத்துக்கறேன். ஆனா அவங்க தாய்மாமன்க ரெண்டு பேரைப் பாருங்க. பாப் ப்ளைத் ரேஞ்சர்ஸ், பிரஸ்டன்லாம் ஆடிட்டு போர்ட்ஸ்மத்ல மேனேஜராகி, பின்னாடி அந்த கிளப்புக்கே சேர்மன் ஆனவரு. பில் ப்ளைத் கார்லைல் யுனைடெட்ல டைரக்டரு. இப்ப பசங்க எங்க போனாங்கன்னு பாருங்க: ஜிம்மியும் ஜானும் போர்ட்ஸ்மத்ல சேர்ந்தாங்க, 1932ல பில் சேர்ந்தது கார்லைல்ல. மாமன் கதவைத் திறந்து வெச்சிருந்தாரு, மருமகன் உள்ள போனான். திறமை இல்லாம போனான்னு சொல்லல, தயவு செஞ்சு அப்படி திரிச்சு எழுதாதீங்க, பில் அடுத்த வருஷமே பிரஸ்டனுக்குப் போய் 1938ல எஃப்.ஏ. கப் ஜெயிச்சவரு, ஸ்காட்லாந்துக்கு ஆடினவரு. ஆனா அதே திறமையோட யாரும் கை தூக்கி விடாம சுரங்கத்துக்குள்ளயே இருந்துட்டவங்க அக்கம்பக்கத்து ஊர்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்க, அவங்க பேரு எந்த லிஸ்ட்லயும் வராது.

பில்லை மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும், 1959 டிசம்பர்ல ரெண்டாம் டிவிஷன்ல கிடந்த லிவர்பூலை எடுத்து 1964, 66, 73ன்னு மூணு லீக் டைட்டில், கிளப்போட முதல் எஃப்.ஏ. கப், யூஈஎஃப்ஏ கப் எல்லாம் வாங்கிக் குடுத்தாரே, அவருதான். அண்ணன் பாப் ஷாங்க்லியை யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஸ்காட்லாந்து கிளப் டண்டீ இது வரைக்கும் ஸ்காட்டிஷ் லீக் ஜெயிச்சது ஒரே ஒரு தடவை, 1962ல, அப்ப மேனேஜர் இவருதான். அடுத்த வருஷம் யூரோப்பியன் கப்ல செமி ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, மிலன்கிட்டதான் தோத்தாங்க. கடையில, பஸ்ஸுல, எல்லா இடத்துலயும் பில், பில், பில். எனக்கு லிவர்பூல் மேல கோபம் ஒண்ணும் இல்ல, எங்க பையனே லிவர்பூல்தான், ஆனா பாப்புக்கு நியாயம் கிடைக்கல.

சரி, ஏன் அந்த ஊர்ல மட்டும் இவ்வளவு பேருன்னு தாத்தாகிட்ட நானே கேட்டிருக்கேன். அவர் ரத்தம்னு சொல்லவே இல்ல. வெளிச்சம்னாரு. இங்க டிசம்பர்ல காலைல எட்டே முக்காலுக்குதான் விடியும், மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும். சுரங்கத்துல இறங்குறவன் இருட்டுல இறங்கி இருட்டுல ஏறுறான், வாரக் கடைசியிலதான் சூரியனைப் பார்க்கிறான். அந்த நேரத்துல அவனுக்கு ஊர்ல என்ன இருக்கு? ஒரு கிரவுண்டு, ஒரு பந்து, கூட ஆட இருபது பேர். பணத்துக்காகன்னு சொல்றவங்களுக்கு: இங்கிலாந்துல 1961 வரைக்கும் ப்ளேயர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்துச்சு, 1930கள்ல வாரத்துக்கு 8 பவுண்டுதான் அதிகபட்சம், அதுவும் பல பேருக்கு வராது. பெரிய பணக்காரனாகவா போனாங்க, சுரங்கத்துக்குள்ள இறங்காம பூமிக்கு மேல இருக்கப் போனாங்க. பில்லும் 14 வயசுல சுரங்கத்துல சேர்ந்தவருதான், முதல்ல மேல கரியில இருந்து கல்லு பொறுக்குற வேலை, அப்புறம் கீழ. நான் சுரங்க வாழ்க்கைக்கு பெருமை பாடுறேன்னு நினைக்காதீங்க, அந்தக் கைகளை தினமும் கழுவி விட்டவ நான், அந்த நெஞ்சு இழுக்கற சத்தத்தை ராத்திரி ராத்திரி கேட்டவ.

இன்னொரு விஷயமும் தாத்தா சொன்னாரு, எனக்கு மனசுல நின்னது அதுதான். சின்னப் பசங்க தனியா ஆட மாட்டாங்களாம், பெரிய ஆம்பளைங்க ஆடுற ஆட்டத்துல ஓரமா நின்னு, யாராவது கம்மியானா உள்ள போவாங்களாம். பதினஞ்சு வயசுப் பையன் முப்பது வயசு சுரங்கத் தொழிலாளி தோளோட மோதி மோதிதான் கத்துக்கிட்டான். வெளியூர் போய் ஆடிட்டு சீசன் முடிஞ்சு வர்றவனும் அதே தெருவுலதான் இருப்பான், அவன் எப்படி பந்தை நிறுத்துறான்னு பக்கத்துல நின்னு பார்க்கலாம். இரும்பு வளையத்தைத் தூரத்துல நட்ட கம்பி மேல எறியிற க்வாய்ட்ஸ்னு ஒரு விளையாட்டு இருந்துச்சு, அதுலயும் இந்த ஊர்ல டாம் போன்னு ஒரு சாம்பியன் இருந்தாரு. வளையம் எறியறதுக்கும் தனியா ஜீன் இருக்கா என்ன?

இப்ப எங்க பையன் கதை. இங்க ஒரு அகாடமியில சின்ன வயசுலயே செலக்ட் ஆனான், ரெண்டு சீசன் நல்லாதான் போச்சு. பதிமூணு வயசுல ஒரு ஈமெயில் வந்துச்சு, மூணே வரி, உடம்பு வளர்ச்சி போதல, அடுத்த சீசனுக்கு இடமில்லன்னு. அவன் முகத்தைப் பார்த்து சொல்லக்கூட ஆள் இல்ல, கேட் கிட்ட போய் கோச்சைப் பிடிச்சு கேட்டேன், "ஏஷியன் பசங்க பொதுவா கொஞ்சம் லேட்டாதான் வளருவாங்க, கிரிக்கெட் ட்ரை பண்ணீங்களா"ன்னாரு. நல்லவிதமாதான் சொன்னாரு, அதான் இன்னும் எரிச்சல். ஊருக்கு வீடியோ கால் போட்டா எங்க சித்தப்பா, "விடும்மா, நம்ம ரத்தத்துல அது இல்ல, டியூஷன்ல சேர்த்து விடு"ன்னாரு. வெள்ளைக்காரனும் நம்ம ஆளும் ஒரே வாரத்துல ஒரே பதிலை சொன்னா ஒரு அம்மாவுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ராத்திரி அவன் ஷின் பேடைக் கழட்டாமலே படுத்துக் கிடந்தான்.

      

அகாடமி விஷயம் நடந்த பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை அவனையும் எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு க்ளென்பக் போனேன். ஊருன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க, ஊர் இல்ல. சுரங்கம் மூடி, 1930கள் ஆரம்பத்துலயே செர்ரிபிக்கர்ஸ் டீமும் கலைஞ்சு போச்சு. பில் ஷாங்க்லிக்கே அந்த முதல் டீம்ல ஆட குடுத்து வெக்கல, பக்கத்துல இருந்த க்ரான்பெரி எக்லிண்டன்ல தான் ஆடினாரு. ஜனங்க கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி, கடைசியில மேல இருந்தே தோண்டுற ஓபன்காஸ்ட் சுரங்கம் வந்து மிச்சத்தையும் வழிச்சு எடுத்துட்டாங்க, அந்தக் கம்பெனியும் 2013ல திவாலாயிடுச்சு. இப்ப ஹெரிடேஜ் வில்லேஜ்னு பாதை போட்டு போர்டு வெச்சிருக்காங்க. ஷாங்க்லிக்கு 1997ல வெச்ச கறுப்புக் கல் இருக்கு, அதைச் சுத்தி சிவப்பு ஸ்கார்ஃப் நிறைய கட்டியிருந்தாங்க, மழையில நனைஞ்சு சாயம் வெளுத்து சிலது ரோஸ் கலர் ஆயிருந்துச்சு. பையன் ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்தான், நார்வே, அயர்லாந்துல இருந்தெல்லாம் வந்து கட்டிட்டு போயிருக்காங்க.

ரத்தம்னு பேசறவங்களுக்கு நான் கேக்கற கேள்வி இதுதான். அந்தக் குடும்பங்களோட பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் உசுரோடதான் இருக்காங்க, பக்கத்து டவுன்களுக்குத்தான் குடி போனாங்க. அதே ரத்தம்தானே? அப்புறம் ஏன் அதே மாதிரி 50 பேர் வரல? மண்ணுன்னா மண்ணும் அங்கயேதான் கிடக்கு. டீம் போச்சு, பெரியவங்களும் சின்னவங்களும் சேர்ந்து ஆடுன அந்த ஆட்டம் போச்சு, மேல போய் இன்னொருத்தனை இழுத்து விடற மாமன் போனான், அதோட ப்ளேயர்ஸ் வர்றதும் நின்னு போச்சு.

இது என் ஒருத்தியோட கருத்துதான், நான் கோச்சும் இல்ல, ஆராய்ச்சி பண்ணவளும் இல்ல. ஆனா தாத்தா சொன்னதைக் கேட்டு பையனை இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியவங்க ஆடுற ஒரு ஆட்டத்துக்கு அனுப்பறோம். லாரி ஓட்டுறவரு, எலக்ட்ரீஷியன், ஒரு ஸ்கூல் வாத்தியார்னு எல்லாம் முப்பது நாப்பது வயசு ஆளுங்க. முதல்ல தண்ணி பாட்டில் பார்த்துக்கிட்டு ஓரமா நின்னான், இப்ப ரெகுலரா லெஃப்ட் சைடுல ஆடுறான், ஒரு பிளம்பர் அண்ணன் தன்னோட கிளப்புல அண்டர் 16 டீமுக்கு அவனை சேர்த்து விட்டிருக்காரு. ப்ரொஃபஷனல் ஆவானான்னு கேட்டா எனக்குத் தெரியாது, அகாடமிக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. உங்க பிள்ளைக்கும் முதல்ல அப்படி ஒரு கிரவுண்டைத் தேடுங்க, ஃபீஸ் கட்டுறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

க்ளென்பக் நேர்ல பார்க்கணும்னா ஏ70 ரோட்டுல மியூர்கர்க் தாண்டி டக்ளஸ் போற பக்கம் கொஞ்ச தூரத்துல திரும்பணும். ஞாயித்துக்கிழமை பஸ்ஸை நம்பாதீங்க, கார்ல போங்க. அங்க கடை எதுவும் கிடையாது, மியூர்கர்க்லயே சாப்பிட்டுட்டு போங்க, காத்து ஆளைத் தள்ளும், நல்ல ஜாக்கெட்டா எடுத்துக்கோங்க.