பார்மசி துறையோட வரலாறை மலரா போடணுமா? ஆரம்ப வருஷச் சண்டையை மொதல்ல முடிங்க

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். அண்ணாமலை யுனிவர்சிட்டியில பார்மசி படிச்ச பழைய பேட்ச். எங்க துறையோட வரலாறை ஒரு மலரா போடலாம்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம், ஆனா எந்த வருஷம் ஆரம்பிச்சதுங்கிறதுலயே ஆளுக்கு ஒண்ணு சொல்லி வாட்ஸ்ஆப் குரூப்ல சண்டை. பாதி பேர் பாண்டியில செட்டில் ஆயிட்டாங்க. எங்க போய் எதைத் தேடணும், யாரைக் கேக்கணும்?

பதில்: சண்டை போடுற எல்லாருமே சரியா சொல்லியிருக்க சான்ஸ் இருக்கு சார். பார்மசி கோர்ஸுக்கு ஒரே ஒரு பொறந்த தேதின்னு கெடையாது. யுனிவர்சிட்டியோட நிர்வாகக் குழுவான சிண்டிகேட்ல தீர்மானம் போட்ட தேதி ஒண்ணு, மொத பேட்ச் கிளாஸ்ல வந்து உக்காந்த தேதி ஒண்ணு, டெல்லியில இருக்கிற பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா அப்ரூவல் குடுத்த தேதி இன்னொண்ணு. அந்த அப்ரூவலும் ஒரே தடவையில முடியாது, 1948 பார்மசி சட்டம் 12வது பிரிவை எடுத்துப் பாருங்க, கோர்ஸுக்குத் தனி, பரீட்சைக்குத் தனி, பரீட்சை அப்ரூவல் வந்தாதான் படிச்சவர் பார்மசிஸ்டா ரிஜிஸ்டர் பண்ண முடியும், அது பெரும்பாலும் மொத பேட்ச் கடைசி வருஷத்துக்கு வர்ற நேரத்துலதான் கைக்கு வரும். இதுல டிப்ளமோவான டி.பார்முக்கு ஒரு கதை, டிகிரியான பி.பார்முக்கு ஒரு கதை, மேல்படிப்பான எம்.பார்முக்கு வேற. என்னைக் கேட்டா மொத பேட்ச் கிளாஸுக்கு வந்த நாளை ஆரம்பம்னு வச்சிட்டு மத்த தேதி எல்லாத்தையும் அதுக்குக் கீழ எது என்னன்னு சொல்லிப் போட்டுடுவேன். பசங்க வராம துறை ஏது.

தேடுறதுல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. தமிழ்நாட்டுல மத்த பார்மசி காலேஜ் நிறைய 1988க்கு அப்புறம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ போயிடுச்சு, அவங்க பேப்பரைத் தேடணும்னா சென்னைக்கும் காலேஜுக்கும் அலையணும். அண்ணாமலை அப்படி இல்ல, 1929லேர்ந்தே தனிப் பல்கலைக்கழகம், சிலபஸ் போட்டது, பரீட்சை வச்சது, டிகிரி குடுத்தது எல்லாமே அதே கேம்பஸ்தான். அதனால மொதல்ல லைப்ரரியில பழைய யுனிவர்சிட்டி காலண்டர் இருக்கான்னு கேளுங்க. சுவத்துல மாட்டுற காலண்டர் இல்ல, வருஷா வருஷம் விதிமுறை, கோர்ஸ், ஆசிரியர் பேரு எல்லாம் போட்டு வர்ற தடி புஸ்தகம். அதுல எந்த வருஷத்துல பார்மசிங்கிற பேரு மொத தடவை வருதுன்னு பாத்தாலே உங்க சண்டையில பாதி முடிஞ்சிடும். அப்புறம் சிண்டிகேட், அகாடமிக் கவுன்சில் மினிட்ஸ், ஆண்டறிக்கை.

நேர்ல போய்க் கேட்டா தர மாட்டேங்கிறாங்கன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஆர்.டி.ஐ. மனு போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும், நகல் பக்கத்துக்கு ரெண்டு ரூபா. ஆனா "துறையின் வரலாற்றைத் தரவும்"னு எழுதாதீங்க, அப்படி ஒரு ஃபைல் எங்கயும் இருக்காது, "தகவல் இல்லை"ன்னு ஒத்தை வரியில முடிச்சிடுவாங்க. "பி.பார்ம் படிப்பு தொடங்க அனுமதித்த சிண்டிகேட் தீர்மானத்தின் நகல்"னு பேப்பரைக் குறிப்பிட்டுக் கேளுங்க. பி.சி.ஐ.க்கும், அதாவது டெல்லி பார்மசி கவுன்சிலுக்கும், தனியா ஒண்ணு போட்டு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் கேளுங்க (மத்திய அமைப்புங்கிறதால அங்க கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வைங்க). லேப்ல என்ன இருந்துச்சு, என்ன இல்ல, எத்தனை ஆசிரியர் குறைச்சல்னு அதுலதான் ஒளிவு மறைவு இல்லாம எழுதியிருப்பாங்க, எந்த மலர்லயும் அது வராது.

பழைய பேப்பர் தேடுறப்ப இன்னொண்ணு மனசுல வைங்க. கடலூர் தனி மாவட்டம் ஆனது 1993ல, அதுக்கு முன்னாடி எல்லா ஆர்டர்லயும் தென்னாற்காடுன்னுதான் இருக்கும், கடலூர்னு தேடினா ஒண்ணும் கெடைக்காது. 2013ல அரசு தனிச் சட்டம் போட்டு யுனிவர்சிட்டியை எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் ஊழியர்கள் நிறைய பேரை வேற அரசு காலேஜ், ஆபீஸுக்கு அனுப்பிட்டாங்க, உங்க பழைய கிளர்க் இப்ப வேற ஏதாவது மாவட்டத்துல இருக்கலாம். ஆஸ்பத்திரியும் அப்படித்தான், 1985ல வந்த ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ் 2021ல சுகாதாரத் துறைக்குப் போயி பேரே மாறிடுச்சு. அதுக்கு மேல 2011 தானே புயல், 2015 வெள்ளம் ரெண்டையும் பாத்த ஜில்லா இது, யார் வீட்டு பீரோவுல எது மிச்சம் இருக்குன்னு போய்ப் பாத்தாதான் தெரியும்.

பேப்பர் கதை இவ்வளவுதான். இதோட நிறுத்திட்டா மலர்ல எச்.ஓ.டி. போட்டோ வரிசையும் வாழ்த்துச் செய்தியும்தான் மிஞ்சும். ஆளுங்களைப் பிடிங்க, அதுவும் வாத்தியாருங்களை மட்டும் இல்ல. லேப் அட்டெண்டர், ஸ்டோர் கீப்பர், ஆஸ்பத்திரியில மருந்து குடுத்த பழைய பார்மசிஸ்ட், திருப்பாப்புலியூர், ஓ.டி. (கடலூர் ஓல்ட் டவுன்), நெல்லிக்குப்பம்னு கடை போட்ட சீனியருங்க, சிப்காட்ல மருந்துக் கம்பெனி ஷிப்டுக்குப் போனவங்க, பாண்டி பக்கம் ஃபேக்டரியில கியூ.சி. (மருந்தோட தரச் சோதனை) பாத்தவங்க. படிப்பு கேம்பஸ்ல நடந்துச்சு, பொழப்பு நடந்தது இங்கல்லாம்தான்.

உங்க ஊர்ல பழைய கம்பவுண்டருங்க குடும்பம் இருந்தா கட்டாயம் போய்ப் பாருங்க. பார்மசி சட்டம் வந்தப்ப மொத ரிஜிஸ்டர்ல படிப்பு இல்லாம அனுபவத்தை வச்சே சேர்ந்தவங்க உண்டு, 31வது பிரிவுல மருந்து கலக்குற வேலையில அஞ்சு வருஷ அனுபவம்னு ஒரு வழி வச்சிருந்தாங்க. பாட்டில்ல மிக்ஸ்சர் ஊத்தி, வேளைக்கு எவ்வளவுன்னு காட்ட பக்கத்துல காகிதத்தைப் பல்லுப் பல்லா வெட்டி ஒட்டிக் குடுத்த தலைமுறை அது. அப்புறம் ரிஜிஸ்டர் ஆன பார்மசிஸ்ட்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்கணும்னு சொல்ற 42வது பிரிவு, 1976 திருத்தத்துல டைம் குடுத்து, அதுக்கு முன்னாடியே அமலுக்குக் கொண்டு வராத மாநிலத்துலயும் 1984ல தானா அமலுக்கு வந்துச்சு. அந்த வருஷங்கள்ல எத்தனை கடைக்காரர் "கடைக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்டா"ன்னு பையனை டி.பார்ம் சேர்த்தாருன்னு உங்க பேட்ச்லயே கேட்டுப் பாருங்க. என் பார்வையில உங்க மலரோட நடு அத்தியாயமே இதுதான்.

கேக்குறப்ப "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சா எல்லாரும் "பொற்காலம்"னு பேசிட்டுப் போயிடுவாங்க. கையில பொருளை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ரெக்கார்டு நோட்டு, வெயிட் பாக்ஸ், ஹால் டிக்கெட், எதுவா இருந்தாலும். டி.பார்ம்காரங்க கிட்ட 500 மணி நேர ட்ரெயினிங்கை எங்க போட்டீங்கன்னு கேளுங்க, அதுல 250 மணி நேரம் நெஜமாவே சீட்டுப் பாத்து மருந்து குடுத்திருக்கணும்னு 1991 விதி சொல்லுச்சு, எங்க குடுத்தாங்க, யார் கையெழுத்துப் போட்டாங்க, கையெழுத்து மட்டும் போட்டாங்களான்னு கேட்டீங்கன்னா கதை தானா வரும் (பேரைப் போடாம எழுதிக்கோங்க).

தேதி இல்லாத போட்டோ, நோட்டு வந்தா வருஷம் கண்டுபிடிக்க உள்ளயே துப்பு இருக்கும். மருந்துகளோட தரத்தைச் சொல்ற அரசுப் புஸ்தகமான இந்தியன் பார்மகோபியாவோட எந்தப் பதிப்பைப் பாத்து எழுதியிருக்காங்கன்னு பாருங்க, மொத பதிப்பு 1955, அப்புறம் 1966, 1985, 1996, 2007ன்னு வரும், 85 பதிப்பைச் சொன்ன நோட்டு அதுக்கு முன்னாடி எழுதினதா இருக்க முடியாது. வார்டுல வெள்ளைக் கோட்டோட டாக்டர் ரவுண்ட்ஸ்ல நிக்கிற பார்மசி பசங்க போட்டோன்னா பெரும்பாலும் பார்ம்.டி. பேட்ச்சா இருக்கும், அந்த ஆறு வருஷப் படிப்புக்கு விதி வந்ததே 2008லதான்.

பாண்டி நண்பர்களைப் பத்தி. ஜிப்மரோட வேர் 1823ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளி வரைக்கும் போகுது, படிக்க சுவாரசியமா இருக்கும்தான், ஆனா அது அவங்க வரலாறு, உங்க மலர்ல அதுக்கு எடம் வேணாம். அவங்களுக்கு வேற வேலை குடுங்க. உங்க சீனியருங்க யாராவது கோரிமேடு பக்கம் வாத்தியாரா, ஆஸ்பத்திரி பார்மசிஸ்டா போயிருந்தா அவங்களைத் தேடிப் பிடிச்சு பேச வைக்கிறது.

அதே மாதிரி சரகர், ஹிப்போகிரட்டீஸ்னு ஆரம்பிச்சு பத்துப் பக்கம் ஓட்டாதீங்க, பார்மசி மலர்னு எதைப் பிரிச்சாலும் அதுதான் கண்ணுல படுது. மகாதேவ லால் ஷ்ராஃப் பனாரஸ் ஹிந்து யுனிவர்சிட்டியில 1932ல பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரியைப் பாடமா கொண்டு வந்தாரு, 1937ல அங்கதான் நாட்டுல மொத பி.பார்ம் வந்துச்சுன்னு ஒரு பத்தி போதும், நேரா அண்ணாமலை நகருக்கு வந்துடுங்க.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பழைய மாணவர் லிஸ்ட்ல போன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க, பேரு, பேட்ச், ஊரு இருந்தா போதும். ஒரிஜினல் போட்டோவை பிரெஸ்ல குடுத்துட்டு வராதீங்க, 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி அதைக் குடுங்க, ஒரிஜினலை அன்னைக்கே கொடுத்தவங்க வீட்ல திருப்பிக் குடுத்துடுங்க.