வீட்டில் வெடிச்சத்தத்துக்குப் பழகிய நாய் கடற்கரையில் ஏன் மறுபடி நடுங்குகிறது?

திருகோணமலை உவர்மலையில் வீட்டு முற்றத்தில் வைத்துப் போனில் வெடிச்சத்தம் போட்டு, இறைச்சித் துண்டு கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறீர்கள். உப்புவெளிக் கடற்கரையில் யாரோ ஒரு சீனவெடி கொளுத்தியதும் நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடப்பார்த்திருக்கிறது. "பட்ட பாடெல்லாம் வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை. நாய் கற்றதை மறக்கவும் இல்லை.

பயம் தணிந்தால் பழைய பயம் அழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி அல்ல. "சத்தம் என்றால் ஆபத்து" என்ற பழைய பாடம் உள்ளே அப்படியே இருக்கிறது. அதன்மேல் "இங்கே இந்தச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது" என்று புதிதாக ஒன்று படிகிறது. அந்த "இங்கே"தான் சிக்கல்.

1979இல் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பெட்டிக்குள் எலிக்கு ஒரு சமிக்ஞையைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வேறொரு பெட்டியில் அதே சமிக்ஞையை அதிர்ச்சி இல்லாமல் திரும்பத் திரும்பக் காட்ட, பயம் தணிந்தது. அப்புறம் முதல் பெட்டிக்குக் கொண்டுபோனால் பயம் திரும்பிவிட்டது. இரண்டு பெட்டியிலும் சேராத மூன்றாவது ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தாலும் பயம் திரும்புவதுண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பயம் எந்த இடத்துக்கும் கூடவே போகும். "பயப்படத் தேவையில்லை" என்ற பாடம் கற்ற இடத்தோடு நின்றுவிடும். உயிர் பிழைக்க வேண்டிய விலங்குக்கு இது நியாயம்தானே! ஆபத்தில்லாத இடத்தில் வீணாக ஓடினால் கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். ஆபத்துள்ள இடத்தில் ஓடாமல் நின்றால் உயிரே போகலாம்.

இடம் என்றால் நிலம் மட்டுமல்ல. மணம், வெளிச்சம், பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாம் சேர்ந்ததுதான். காலமும் அதில் அடக்கம். தணிந்த ஒன்று கொஞ்ச நேரம் இடைவெளி விட்டால் தானாகத் தலைகாட்டும் என்பதை, நாய்களில் பழக்கத்தை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே கண்டிருந்தார். உங்கள் நாய்க்கு முற்றம், போன், நீங்கள், பின்னேரம் எல்லாம் ஒரே கட்டு. கடற்கரையில் அந்தக் கட்டுக்குள் நீங்கள் மட்டும்தான் மிச்சம்.

அதனால் இனிமேல் இடத்தை மாற்றி மாற்றிப் பழக்குங்கள். முதலில் கேற்றுக்கு வெளியே, பிறகு ஒழுங்கை, பிறகு பத்திரகாளி கோயில் பக்கத்து மைதானம் (அங்கே மான்கள் மேயும், நாயைக் கயிற்றில் பிடித்தபடியே வைத்திருங்கள்), கடைசியாக ஆளில்லாத காலை நேரத்தில் கடற்கரை. ஒவ்வொரு புது இடத்திலும் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில நாள் உங்களுக்குப் பதிலாக வீட்டில் வேறொருவர் கூட்டிப்போகட்டும். பல இடங்களில் பயம் தணித்த எலிகளில் அது திரும்பி வருவது குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை. ஆனாலும் நான் இதையே நம்பிச் செய்கிறேன்.

நாயின் முகத்தைப் பாருங்கள். எங்கள் கறுப்பி இறைச்சித் துண்டை வாயில் வாங்குவாள், மெல்லாமல் கீழே போட்டுவிடுவாள். காது பின்னால் ஒட்டியிருக்கும், வெறும் உதட்டை நக்குவாள். அப்படிக் கண்டால் அன்றைக்குச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அடுத்த முறை இன்னும் தூரத்திலிருந்து தொடங்குவேன்.

ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டால், அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை என்று அறிய நாய்க்கு வழியே கிடைக்காது. 1953இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சமிக்ஞை வந்ததும் ஒரு தடுப்பைத் தாண்டினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று நாய்களைப் பழக்கினார்கள். அதிர்ச்சியை நிறுத்திய பிறகும் நாய்கள் நூற்றுக்கணக்கான தடவை தடுப்பைத் தாண்டிக் குதித்துக்கொண்டே இருந்தன. கொடுமையான சோதனை. அதற்காக உங்கள் நாயைச் சத்தத்துக்குப் பக்கத்தில் பலவந்தமாகக் கட்டிவைக்கவும் கூடாது, பயம்தான் கூடும். ஓடத் தோன்றாத அளவு தூரத்தில் நிறுத்துங்கள், அதுவே போதும்.

தீபாவளிக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது என்றால், அன்றிரவு கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சாப்பாட்டைத் தொடாத அளவுக்கு நடுங்கினால் முன்கூட்டியே மிருக வைத்தியரிடம் கேளுங்கள், அந்த ஓர் இரவுக்கு மருந்து தருவார்கள்.