பிரிட்ஜ் கழன்றது சரி, கேஸ் நிற்குமா?

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிய இடத்தில், 14 மாதம் முன்பு கோயமுத்தூரில் ஒரு கிளினிக்கில் மூன்று பல் பிரிட்ஜ் கட்டியிருக்கிறார். பில் 27,000 ரூபாய், ஜிர்கோனியா என்று எழுதியிருக்கிறது. போன மாதம் சாப்பிடும்போது கையோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் உலோகம் தெரிகிறதாம், தாங்கிய பின்பல்லும் ஆடுகிறதாம். கிளினிக்கில் கேட்டால் "முறுக்கு கடிச்சிருப்பீங்க" என்கிறார்கள். உள்ளூர் டாக்டரோ அந்தப் பல்லைச் சுற்றி எலும்பே பாதிதான் இருக்கிறது என்கிறார். வீட்டுக்காரர் போலீஸுக்குப் போகச் சொல்கிறாராம்.

கேஸ் போடலாங்க அக்கா. ஆனால் கழன்றுவிட்டது என்பதை மட்டும் சொன்னால் நிற்காது. சிமெண்ட் விட்டுப்போவதும் பீங்கான் ஓரம் உடைவதும் நல்ல டாக்டர் கட்டியதிலும் நடக்கும். கட்டுவதற்கு முன் அந்த இரண்டு பல்லையும் பார்த்தார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ரோட்டோரம் பழைய சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள், நட்ட கல் இரண்டு, மேலே குறுக்கே ஒன்று. பிரிட்ஜும் அதேதான், இல்லாத பல்லின் பாரத்தையும் பக்கத்துப் பல் இரண்டும் சேர்த்துச் சுமக்கின்றன, அதற்காக அவற்றைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் என்று சீவி எடுக்கிறார்கள், சீவினது திரும்ப வளராது. அதனால் வேரைச் சுற்றி எவ்வளவு எலும்பு இருக்கிறது, ஈறு நன்றாக இருக்கிறதா, சொத்தை உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் சீவவே தொடங்க வேண்டும். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு இல்லாத பல்லினுடையதைவிடக் குறையக் கூடாது என்று 1926-லேயே ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்று அதை அப்படியே யாரும் பிடித்துக்கொள்வதில்லை என்றாலும், ஆடுகிற பல்லில் பாரம் ஏற்றக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை.

ஆக, எலும்பு முன்பே கரைந்திருந்ததா, இந்த 14 மாதத்தில் கரைந்ததா என்பதுதான் சண்டை. பிரிட்ஜுக்கு அடியில் நீங்கள் சுத்தம் செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்களா, நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்ரேயே எடுக்கவில்லை என்றால் உங்கள் கை ஓங்கும்.

ஜிர்கோனியா விஷயம் இதைவிடச் சுலபம். அது உள்ளே வெளியே எல்லாம் வெள்ளைதான், உலோகம் இருக்காது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பும் நல்ல கேப்தான், ஆனால் ஜிர்கோனியா விலைக்கு அதை விற்றால் அது நேர்மையற்ற வணிகம். லேப் தரும் வாரண்டி கார்டு கொடுத்திருந்தால் தேடி எடுங்கள்.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், அதாவது திருப்பூரில்; கோயமுத்தூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. காலக்கெடு இரண்டு வருஷம். கழன்ற நாளிலிருந்து என்று நாம் சொல்வோம், கட்டிய நாளிலிருந்து என்று அவர்கள் சொல்வார்கள், எதற்கு வம்பு, மிச்சமிருக்கும் 10 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். பாதிப் பேர் அதிலேயே பேச வருவார்கள்.

போலீஸ் வேண்டாம். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்கும் என்று 2005-ல் தீர்ப்பு இருக்கிறது, அது ஆடுகிற பல்லுக்குப் பொருந்தாது.

அப்புறம், அந்தப் பிரிட்ஜைத் திரும்ப ஒட்டிவிடாதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உள்பக்கம் தெரிய போட்டோ எடுத்து, தேதி எழுதி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். புதுசாக எது செய்வதானாலும் அதற்கு முன் உள்ளூர் டாக்டரிடம் இப்போதைய எக்ஸ்ரேயும், கையெழுத்திட்ட ஒரு பக்கக் கருத்தும் வாங்கிவிடுங்கள்.